விருந்தினர் மட்டும்

எங்கள் பெண்கள் பள்ளியின் உடற்பயிற்சி டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில். வாயைத் திறந்தால் மைதானத்தின் கடைசி வரை கேட்கும். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். யாருக்கும் ஜால்ரா போடத் தெரியாது; அதனால்தான் முன்னேறவில்லை என்று ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பல்லாவது காயும்.

பள்ளியின் பொக்கிஷம் முன்வாசலிலிருந்து மாடிக்கு ஏறும் தேக்குப் படிக்கட்டு. கட்டடம் கட்டிய காலத்தில் செய்தது, கைப்பிடி முழுக்கக் கொடியும் பூவும் செதுக்கியிருக்கும். குறுக்கே கயிறு கட்டி, 'விருந்தினர் மட்டும்' என்று பித்தளைப் பலகை தொங்கும். பிள்ளைகளுக்குப் பின்பக்கத்து இரும்புச் சுழல்படி. மழை பெய்தால் வழுக்கும். அதற்குப் பலகை ஏதும் கிடையாது.

இந்த வருஷம் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். இடது காலில் இரும்புப் பட்டை மாட்டியிருப்பாள். அறிவியல் கூடம் மாடியில். சுழல்படியில் ஒருநாள் உருண்டு விழுந்தாள். தலைமையாசிரியை அவளுடைய அம்மாவை வரச்சொன்னார்.

"வேற ஸ்கூல் பாத்துக்கோங்கம்மா. உங்க பொண்ணுக்கும் அதான் நல்லது."

நல்லதாம்! மரம் நோகக் கூடாது, பிள்ளை போனால் போகட்டும். பக்கத்து மேசையில் கேட்டுக்கொண்டிருந்த கிளார்க் நான், போய் விசிலிடம் சொன்னேன்.

விசில் நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனார். விளையாட்டு விழாச் சாமான் பெட்டியைக் குடைந்து, சிறப்பு விருந்தினருக்குக் குத்துகிற பட்டுப்பூ பேட்ஜை எடுத்தார். மறுநாள் காலை அதை அந்தப் பெண்ணின் சட்டையில் குத்தி, கயிற்றைக் கழற்றிவிட்டார்.

தலைமையாசிரியை ஓடிவந்தார். "என்ன கூத்து இது?"

"விருந்தாளி மேடம். பேட்ஜ் இருக்கு பாருங்க."

"விளையாடாதீங்க. படி தேஞ்சுபோகும்."

"படின்னா தேயத்தான் செய்யும். தேயக்கூடாதுன்னா செவுத்துல மாட்டியிருக்கணும்."

மதியம் விசிலுக்கு மெமோ வந்தது. அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். மறுநாளும் பேட்ஜ், அதற்கு மறுநாளும் பேட்ஜ். வேலை போய்விடுமே என்று நான் பதறினேன். "போனா போவுது, உனக்கென்ன?" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

நாலாம் நாள் தலைமையாசிரியை படிக்கட்டின் அடியிலேயே நின்றார்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்தான். தெரியும்ல?"

விசில் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் பேட்ஜைக் கழற்றி டீச்சர் கையில் கொடுத்தாள்.

"மேடம் சொல்றது சரிதான் டீச்சர். நான் விருந்தாளி இல்ல. இங்க படிக்கிறவ."

கைப்பிடியைப் பிடித்து ஏற ஆரம்பித்தாள். டக், டக் என்று இரும்பு தேக்கில் இடித்தது. விழுந்தால் பிடிக்க, இரண்டு படி கீழே விசிலும் ஏறினார்.

"நில்லு!" என்றார் தலைமையாசிரியை.

அவள் பாதியில் திரும்பிப் பார்த்தாள். 

"எனக்குக் கொஞ்சம் நேரமாகும் மேடம். அவசரம்னா நீங்க பின்பக்கப் படியில போங்க."

 தலைமையாசிரியை பின்பக்கச் சுழல்படிக்குப் போனார்.