ஜெர்சி ஓரத்து மஞ்சள்

அழுக்குச் சட்டையை ஏசி ரூமில் பூட்டி வைத்து, அதற்குக் காவல் இருந்து சம்பளம் வாங்குகிற ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

இனிமேல் தெரியும். நான்தான். பெயர் கௌரி, போன வருஷம் கெமிஸ்ட்ரி முடித்த பேட்ச். டிபார்ட்மெண்ட் மலருக்கு வேலை அனுபவம் எழுதிக் கொடு என்று மேடம் கேட்டார். மற்ற சீனியர்கள் மருந்து கம்பெனி, லேப் என்று எழுதியிருப்பார்கள். நான் எழுதுவது, படித்த கெமிஸ்ட்ரி மண்டையில் ஏறாமல் போனதால் வேலையே போக இருந்த கதை.

1. வேலை இதுதான்

எங்கள் ஊர் மரக்காணத்தில் ஈசிஆர் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பெரிய முதலியார்சாவடி. அங்கே பத்து வருஷமாகக் குடியிருக்கிறார் ராபர்ட் சார், அமெரிக்கர். தமிழ் நன்றாகவே பேசுவார். எங்களை எல்லாம் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். நாய்க்கும் அதே மரியாதை.

அவர் ஊர் ஃபுட்பால் நம் ஃபுட்பால் இல்லை. முட்டை மாதிரிப் பந்தைக் கையால் எறிவார்கள். ஆளை ஆள் மோதிச் சாய்ப்பார்கள். பந்தை யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவர் குவாட்டர்பேக். அந்த ஊரே கொண்டாடுகிற ஒரு குவாட்டர்பேக், மேட்சில் போட்டுக் கழற்றிய பொருள்களைச் சேர்ப்பதுதான் சாருக்கு உயிர். கடையில் விற்கிற புது ஜெர்சியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். புல்லில் புரண்டு, வியர்த்து, கிழிந்து தைத்ததாக இருக்க வேண்டும். அதற்குப் பெயர் கேம்வோர்ன்.

முதல் நாள் எனக்கு ரூமைத் திறந்து காட்டியவர் ஜாகிர் பாய். கூனிமேட்டுக்காரர், சாரின் காரையும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறவர்.

"இத பாரும்மா, இந்த கிழிஞ்ச சாக்ஸ் இருக்குதே, இதுக்கு ரெண்டு பூட்டு. வெளிய நிக்கிற காருக்கு ஒன்னு."

"தொவைக்கவே மாட்டாங்களா பாய்?"

"தொவைக்கிறதா? அந்த வார்த்தைய இங்க சொல்லாத. முன்னாடி இருந்த பையன் கையுறையில தூசி தட்டுனான். மறுநாள் ஆள் இல்ல."

காரணம் இருக்கிறது. கறைதான் சாட்சி. ஜெர்சியின் தோளில் பச்சைக் கீறல் இருந்தால், எந்த மேட்சில் எந்த நிமிஷத்தில் அவர் விழுந்தார் என்று டேப் போட்டுப் பார்த்து, போட்டோவோடு ஒப்பிட்டு உறுதி செய்வார்கள். அதனால் பார்சல் வந்ததும் கண்டிஷன் ரிப்போர்ட் எழுத வேண்டும். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் கறை, எங்கே தையல், எங்கே நூல் பிரிந்திருக்கிறது, எல்லாம். கீழே என் கையெழுத்து. அதுதான் என் வேலை.

2. தீபாவளி

அக்டோபரில் ஒரு வெள்ளை ஜெர்சி வந்தது. சார் அதை வாங்கியதே ஒரு மாற்றுக்காகத்தான். அமெரிக்காவில் இன்னொரு கலெக்டரிடம் அதே ஆட்டக்காரரின் ஹெல்மெட் இருந்தது. ஜெர்சியை இவர் அனுப்பினால் ஹெல்மெட்டை அவர் அனுப்புவார் என்று பேச்சு. ஹெல்மெட் வைக்க ஷெல்ஃபில் ஒரு தட்டைக் காலி செய்து ஸ்டாண்டு கூட அடித்து வைத்துவிட்டார்.

பார்சல் வந்தபோது சார் ஊரில் இல்லை. கண் ஆபரேஷனுக்குச் சென்னை போயிருந்தார். பிரித்துப் பார்த்தேன். தோளில் மைதானக் கோட்டு பெயின்ட் கீறல், பின்பக்கம் தையல், மற்றபடி சுத்தமாகத்தான் இருந்தது. ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன், கரண்ட் போய்விட்டது. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அன்று சாயங்காலமே மழை பிடித்து, ரூம் சீலிங்கில் ஒழுக ஆரம்பித்தது.

சாருக்கு போன் போட்டேன்.

"ஜெர்சி மட்டும் ட்ரையா இருக்கணுங்க. உங்க வீட்ல எடம் இருக்கா?"

எங்கள் வீடு கான்கிரீட் தளம் போட்டது, ஒழுகாது. ஜெர்சியை டிஷ்யூ பேப்பரில் சுற்றி, கவரில் போட்டு எடுத்துப்போய் பீரோவில் வைத்தேன். அம்மாவிடம் தொடாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுத வேண்டியதை எழுதவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

தீபாவளி அன்று காலை எழுந்து வந்தால், சாமி படத்துக்கு முன்னால் தட்டில் எங்கள் எல்லோர் புதுத்துணியும் இருக்கிறது. மேலே ஜெர்சி. இடது பக்கம் கீழ் ஓரத்தில், ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு மஞ்சள்.

"அம்மா, இத யாரு வெளிய எடுத்தது?"

"நான்தான். தம்பிக்கு எடுத்துட்டு வந்தன்னு நெனச்சேன். மஞ்ச வெக்காம யாராவது புதுத்துணி போடுவாங்களாடி?"

"அது புதுசு இல்லம்மா. ஒருத்தர் போட்டுக் கழட்டுனது."

"பழசையா இவ்ளோ பேப்பர்ல சுத்தி பீரோல வெப்ப? வெளையாடாத."

தம்பி கார்த்தி அதை எடுத்து விரித்துப் பார்த்தான். "இன்னா சைஸ்க்கா இது. நம்ம ரெண்டு பேரும் உள்ள போலாம்."

அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். கை தானாகச் சோப்பை எடுத்தது. ஓரத்தை மட்டும் நனைத்து ஒரே தேய். அடுத்த நொடி மஞ்சள் முழுக்கச் சிவந்தது. மஞ்சள் ஒரு இண்டிகேட்டர், சோப்பு மாதிரிக் காரம் பட்டால் சிவக்கும் என்று ஃபர்ஸ்ட் இயர் ரெக்கார்டில் கலர் பென்சிலால் வரைந்து மார்க் வாங்கியவள் நான்.

வெயில் அடித்திருந்தால் நாலு நாளில் மஞ்சள் வெளுத்திருக்கும். வெயில் எங்கே. உப்பளம் எல்லாம் ஏரி மாதிரி நின்றது. காய்ந்தபோது கறை செம்பழுப்பாகி ஒட்டிக்கொண்டது.

3. மூணாவது குவாட்டர்

சார் வந்தார். கருப்புக் கண்ணாடியைக் கழற்றி, லென்ஸ் வைத்து ஜெர்சியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். இடது ஓரத்தில் லென்ஸ் நின்றது.

"கௌரி, இது ரத்தம்ங்க."

லென்ஸைத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் டேப் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்தார். அந்த ஆட்டத்தை நாலு குவாட்டராகப் பிரித்து ஆடுவார்கள்.

"பாருங்க, மூணாவது குவாட்டர். உதடு கிழிஞ்சிருக்கு. இப்ப ஜெர்சிய இழுத்துத் தொடைக்கிறாரு பாருங்க. எடது கை. எடது ஓரம்."

நிஜமாகவே துடைத்தார். எனக்கே ஒரு நிமிஷம் அது ரத்தம்தானோ என்று தோன்றியது. சார் அன்றைக்கே ஹெல்மெட்காரருக்கு மெயில் போட்டார். அவர் பத்து நிமிஷத்தில் பதில் போட்டார்: சீக்கிரம் அனுப்பு.

ஜாகிர் பாயிடம் உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வாய மூடிக்கினு இரும்மா. மனுசன் எவ்ளோ சந்தோஷமா இருக்காரு. அல்லாவுக்கும் உனக்கும் எனக்கும்தான் தெரியும்." பிறகு, "ரிப்போர்ட்ல கையெழுத்து யாரு, நீயா?" என்றார்.

"நான்தான் பாய்."

"அப்ப நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். உன் பேரு அது."

மறுநாள் காலை ரிப்போர்ட் பிரிண்ட் ஆகி என் டேபிளில் இருந்தது. கீழ் ஓரம், இடது: ரத்தக் கறை, டேப்பில் உறுதி செய்யப்பட்டது. கூரியர்காரர் பதினொன்றுக்கு வருவார். பேனாவை எடுத்தேன், வைத்தேன். சமையலறைக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு வந்தேன்.

"சார், அந்தக் கறையில ஒரு சொட்டு விடட்டுமா?"

"எதுக்குங்க?"

"ரத்தமா இருந்தா மஞ்சளாகாது சார்."

அவர் ஜெர்சியை என் பக்கம் தள்ளினார். இயர்பட் பஞ்சை எலுமிச்சைச் சாற்றில் நனைத்து ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். சாறு அதிகமாகி இரண்டு புள்ளி ஆகிவிட்டது. இரண்டும் மஞ்சளாக மாறின.

சார் லென்ஸை எடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

"உங்க வீட்லயா?"

"தீபாவளி அன்னிக்கு. எங்கம்மா புதுத்துணின்னு நெனச்சு மஞ்சள் வெச்சிட்டாங்க. சோப்பு போட்டது நான்."

"புதுத்துணி," என்றார். ஜெர்சியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னார். பிறகு, "உக்காருங்க. டைப் பண்ணுங்க."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். கீழ் ஓரம், இடது: மஞ்சள், எங்கள் பொறுப்பில் இருந்தபோது பட்டது, சோப்பும் எலுமிச்சையும் பட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். அதை அப்படியே ஹெல்மெட்காரருக்கு அனுப்பினார். பதில் இரண்டே வரி. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஹெல்மெட் என்னிடமே இருக்கட்டும்.

கூரியர்காரரை ஜாகிர் பாய் டீ கொடுத்து அனுப்பிவிட்டார். சார் ஷெல்ஃபிலிருந்து காலி ஸ்டாண்டைக் கழற்றினார்.

அடுத்த நாலு நாள் என்னோடு நேராகப் பேசவில்லை. ஒரே ரூமில் உட்கார்ந்துகொண்டு, "ஜாகிர், கௌரி கிட்ட ஸ்டேப்ளர் இருக்கான்னு கேளுங்க" என்பார். பாய் என் பக்கம் திரும்பி, "இருக்குதாம்மா?" என்பார். பேசாமல் இருப்பதைவிட அந்த வாங்க போங்க பாய்க்கு மட்டும் போனதுதான் கஷ்டமாக இருந்தது. வேலை போய்விட்டது, சொல்லத்தான் தயங்குகிறார் என்று நினைத்து, டிராயரில் இருந்த என் டிபன் பாக்ஸ், குடை எல்லாம் பையில் எடுத்து வைத்தேன். ஐந்தாம் நாள், அதுவரை என் கைக்கு வராத ரூம் சாவியை என் டேபிளில் வைத்துவிட்டு டேப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூனியர்களே, லேபோ ஆபீஸோ, பார்த்ததைப் பார்த்த அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் மெழுகுவத்தி ஏற்றிக்கொள்ளுங்கள். அன்று கறை இல்லை என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால், சார் யாருடைய உதட்டையும் தேடியிருக்க மாட்டார். நானும் ஒரு வாரம் பொய்யோடு குடித்தனம் நடத்தியிருக்க மாட்டேன்.

இன்று காலை ஒரு ஜோடி ஷூ வந்திருக்கிறது. இடது ஷூவில் லேஸ் இல்லை. எழுதிவிட்டேன்.