ஓட்டே போடாதே என்றவருக்கு ஓட்டுக் கேட்டேன்

ஓட்டுக் கேட்கிற வேலையில் திட்டு வாங்குவது கஷ்டமில்லை. அன்பாக உட்கார வைத்து, கிழங்கு அவித்துக் கொடுத்து, "உங்க ஆளுக்காகத்தான் நாங்க ஓட்டே போடறதில்ல" என்பார்களே, அதுதான் கஷ்டம்.

அப்படித்தான் கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற பகுதியின் சின்ன ஊர் ஒன்றில், வாயில் பாதிக் குச்சிக்கிழங்கோடு மாட்டிக்கொண்டேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குடும்பக் கஷ்டம் என்று எழுதினால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை, என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எனக்கே ஓட்டு வயது ஆகவில்லை. ஆனால் குரலும் காலும் இருந்ததால் ராசிபுரத்துக் கட்சி ஆபீசில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தோழர் நாச்சிமுத்து தேர்தலில் நிற்கிறார். அவருக்கு முன்னால் மலையேறி, தகரக் குழாயில் கத்தி, ஊரைக் கூட்ட வேண்டும். இந்த வேலை பார்த்துத் தொண்டை கட்டினவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

காலியாக இறங்கிய பெட்டிகள்

எட்டு வருசத்துக்கு முன்னால் போலீஸ் தேடியபோது நாச்சிமுத்து அந்த ஊரில்தான் ஆறு மாசம் ஒளிந்திருந்தாராம். இதை ஆபீசில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று ஊரைக் கூட்டி, "ஓட்டுன்னு ஒண்ணு கொண்டாரப் போறாங்க. அது பணக்காரன் பண்ற ஏமாத்து வேலை. அந்தப் பெட்டியத் தொடாதீங்க" என்று பேசியிருக்கிறார். பேசியதோடு விட்டிருக்கலாம். சத்தியமும் கேட்டிருக்கிறார். ஊர் வழக்கப்படி சாமிக் கல்லுக்கு முன்னால் சூடம் ஏற்றி, வீட்டுக்கு ஒருவர் உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டார்கள்.

போன தேர்தலில் அதிகாரிகள் பெட்டிகளை ஆட்கள் தலையில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்து, ஒரு சீட்டுக்கூட விழாமல் இறக்கிக்கொண்டு போனார்களாம். அவர்களுக்கும் கிழங்கு கொடுத்திருக்கிறார்கள். "அதெல்லாம் பழசுங்க, இப்ப அவரே நிக்கறாரு" என்று நான் கத்திப் பார்த்தேன். ஊர்க்கவுண்டர் சடையனுக்குக் கோபமே வரவில்லை. இன்னொரு கிழங்கை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அவரு பேச்ச அப்படியே காப்பாத்தற ஊரு இது ஒண்ணுதான் கண்ணு. அதையும் நீ கெடுக்க வந்திருக்கறயே."

ஆபீஸ் எழுதிக் கொடுத்தது

ஓடிவந்து ஆபீசில் சொன்னேன். ஆபீசைப் பார்த்துக்கொள்கிற வையாபுரி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் நாச்சிமுத்துவின் பழைய பேச்சுகளைத் தேடிப்பிடித்து அச்சடித்து, கீழே ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டு ஏமாற்று வேலை என்றது, சாமி கல் என்றது, நிலமெல்லாம் பொது என்றது, எல்லாமே அந்த ஒரே நோட்டீசில். தொகுதியில் ஒரு கை ஓட்டு கூடினால் ஜெயிப்பு, குறைந்தால் தோல்வி என்ற நிலை. மலை ஓட்டு இல்லாமல் ஆகாது என்று வையாபுரி அண்ணனே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். "அன்று பேசியவர் இவர் அல்ல. அதே பெயரில் வேறு ஒருவர்." அவ்வளவுதான். ஆறு மாசம் அவர்களோடு உட்கார்ந்து தின்றவரை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். வையாபுரி அண்ணன் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "தேர்தல் முடியற வரைக்கும்தான்டா பொய். அப்புறம் நாம பாட்டுக்கு உண்மையே பேசிக்கலாம்."

உடைந்த பானை

ஒரு தடவை சொன்னேன். ஒத்துக்கொள்கிறேன். சொல்லக் கிடைத்த ஆளைப் பாருங்கள், என் அதிர்ஷ்டத்தை. மலைப்பாதையில் மிளகுக் கூடையோடு வந்த வெள்ளையம்மாவிடம் சொன்னேன். அவர் அதே குண்டூர் நாட்டு ஊர்க்காரர். "அன்னைக்கு உங்க ஊருல இருந்தது இந்த நாச்சிமுத்து இல்லீங்க அக்கா. அது வேற ஆளு" என்றேன். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

அவர் கூடையை இறக்கி வைத்தார். நாச்சிமுத்து அந்த ஆறு மாசமும் தங்கியிருந்தது அவர் வீட்டில்தான். ஒருநாள், பெண்கள் மட்டும் ஏன் சமைக்க வேண்டும் என்று சொல்லி, துடுப்பைப் பிடுங்கித் தானே களி கிண்டி, அடியைக் குத்திப் பானையை உடைத்து, புறங்கையைச் சுட்டுக்கொண்டாராம். தழும்பு இன்னும் இருக்கும், போய்ப் பார் என்றார். இருந்தது. நான் தினமும் பார்ப்பதுதான். வெள்ளையம்மா கூடையை மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டே கேட்டார்: "அப்ப எம் பானைய ஒடச்சது எந்த நாச்சிமுத்து, சாமி?"

கல்லைப் பற்றி

சாமி சமாசாரம்தான் நம்மைக் கவிழ்க்கப்போகிறது என்று ஆபீசில் எல்லாரும் பயந்தார்கள். திண்ணனூர் நாட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எதிர்க்கட்சி ஆள் வந்து நோட்டீசைப் படித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தான். சாமியைக் கல் என்று சொன்னவனுக்கா ஓட்டு என்று கேட்டிருக்கிறான். நான் அடி வாங்கத் தயாராக, ஓடுவதற்கு வசதியான பக்கம் பார்த்து நின்றுகொண்டு குழாயை எடுத்தேன்.

சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். பூசாரியே அவர்தான் என்று பின்னால் தெரிந்தது. அந்த நோட்டீசைச் சுருட்டிக் காதுக்கு மேல் செருகியிருந்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருந்த கோயிலைக் காட்டினார். கூரை இல்லை, நாலு மரம், நடுவில் எண்ணெய் பூசின கல். "கல்லுதானுங்க தம்பி. எங்க பாட்டன் ஓடையில இருந்து தூக்கியாந்து நட்டது. அதக் கல்லுன்னு சொன்னதுக்கு எதுக்கு இத்தன காயிதம் அடிக்கறாங்க?"

டோலிக்காரர் நியாயம்

அன்று சாயங்காலம் நாச்சிமுத்துவையே பிடித்தேன். முள்ளுக்குறிச்சியில் கூட்டம் முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்பது வயது, வலது முழங்கால் வீங்கியிருந்தது. "தோழர், உங்க பேச்சக் கேக்காதவன் எல்லாம் உங்களுக்குப் போடறான். கேட்டவங்கதான் போடமாட்டேங்கறாங்க" என்றேன். சூடச் சத்தியத்தையும் வையாபுரி அண்ணன் எழுதிக் கொடுத்த தாளையும் சொன்னேன். சத்தியம் வாங்கியவரே நேரில் போய்த்தான் அதை விடுவிக்க வேண்டும், அது அந்த ஊர் வழக்கம் என்று ஊர்க்கவுண்டர் சொல்லியிருந்ததையும் சொன்னேன். டீ கிளாசைக் கீழே வைத்தார். "அந்தத் தாளக் குடு" என்று வாங்கி நாலாய்க் கிழித்தார். "காலைல ஏறலாம்" என்றார்.

அப்போது மலைக்கு பஸ் ரோடு கிடையாது. நடக்க முடியாதவர்களை மூங்கிலில் தூளி கட்டித் தோளில் தூக்கிப் போவார்கள், அதுதான் டோலி. விடிந்ததும் டோலிக்காரர் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இவர் ஏற மாட்டேன் என்றுவிட்டார். மனுசன் தோளில் மனுசன் ஏறுவது அநியாயம் என்று அந்த அடிவாரத்திலேயே ஒரு காலத்தில் பேசியிருக்கிறார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பத்தடிக்கு ஒருதரம் உட்கார்ந்து ஏறினார். டோலிக்காரர்கள் வெறும் டோலியோடு பின்னாலேயே வந்தார்கள். எங்கேயாவது விழுவார் என்று நம்பிக்கை. நானும் அதைத்தான் நம்பினேன். அவர் விழவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் மூத்த டோலிக்காரர் டோலியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "கொள்கையும் உங்குளுது, மொழங்காலும் உங்குளுது. எங்க பொழப்பு மட்டும் எதுக்குங்க நடுவுல போகுது?"

பாதிக் கூலி கொடுத்து அனுப்பினோம். அதை நாச்சிமுத்து தானம் என்று நினைத்துக்கொண்டாரா, கொள்கை என்று நினைத்துக்கொண்டாரா, நான் கேட்கவில்லை.

மூன்று சூடம்

ஊர் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கிளம்பும்போது வையாபுரி அண்ணன் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: "தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க தோழர், நாளைக்கே அதையும் நோட்டீஸ் அடிப்பாங்க." ஊர்க்கவுண்டர் எடுத்த எடுப்பில் அங்கேதான் போனார். "ஏனுங்க நாச்சிமுத்து, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"ரெண்டும் பொய்யில்லீங்க கவுண்டரே" என்றார் நாச்சிமுத்து. "அன்னைக்கு நம்பித்தான் சொன்னேன். இப்ப வேற மாதிரி நெனைக்கறேன். நாளைக்கு இதையும் மாத்திக்கிட்டாலும் மாத்திக்குவேன். ஆனா உங்க கையச் சூடத்துல வெக்கச் சொன்னது தப்பு. அது எந் தப்புத்தான்."

யாரும் கை தட்டவில்லை. மலையில் கை தட்டுகிற பழக்கம் இல்லை. சத்தியத்தை விடுவிக்கிற முறையை ஊர்க்கவுண்டர் சொன்னார். அணைத்துக் கொடுத்தது சத்தியம். அதனால் மறுபடி ஒரு சூடம் ஏற்றி, அது யாரும் தொடாமல் முழுக்க எரிந்து தீர வேண்டும். நடுவில் அணைந்தால் பழைய சத்தியம் நிற்கும். ஏற்ற வேண்டியது வாங்கியவர். சாமி கல் என்று சொன்னவர் சாமிக் கல்லுக்கு முன்னால் சூடம் ஏற்ற வேண்டும்! ஏற்றுவாரா என்று பார்த்தேன். "குடுங்க" என்று கையை நீட்டினார்.

ஊரில் மொத்தம் மூன்று கட்டிச் சூடம்தான் இருந்தது. முதல் கட்டியைக் காற்று அணைத்தது. இரண்டாவதையும் அணைத்தது. பக்கத்து ஊரில் போய் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன், கடன் சூடம் செல்லாது என்றார்கள். தேர்தலுக்கு நாலு நாள், கையில் ஒரு கட்டி, காற்றோ நிற்கிற மாதிரி இல்லை. நாச்சிமுத்து வீங்கின முழங்காலை மண்ணில் ஊன்றி, கல்லுக்கு முன்னால் குனிந்து, தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்துக் காற்றை மறைத்தார். மூன்றாவது எரிய ஆரம்பித்தது. துண்டின் ஓரம் பொசுங்கியது. அவர் அசையவில்லை. வெள்ளையம்மா எழுந்து வந்து தன் முந்தானையை இன்னொரு பக்கம் விரித்தார். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர். கடைசியில் சூடம் எனக்குத் தெரியவே இல்லை, முதுகுகள்தான் தெரிந்தன. எரிந்து முடிந்ததும் ஊர்க்கவுண்டர் கல்லில் இருந்த கரியைத் தொட்டுப் பார்த்தார். "தீந்துதுங்க. இனி நீங்க ஓட்டுக் கேக்கலாம். போடறதும் போடாததும் எங்க இஷ்டம்."

ரோடு இருந்த பெட்டி

தேர்தலன்று அந்த ஊர் மொத்தமும் குளித்து, வேட்டி துவைத்துக் கட்டி வந்தது. அப்போது ஆளுக்கொரு பெட்டி, மேலே சின்னத்தின் படம் ஒட்டியிருக்கும். சீட்டை வாங்கி, மறைப்புக்கு உள்ளே போய், பிடித்த பெட்டியில் போட வேண்டும். முதல் ஆளாகப் போட்டுவிட்டு வெளியே வந்த ஊர்க்கவுண்டர் நேராக என்னிடம் வந்து எதிர்க்கட்சிப் பெட்டியில் போட்டதாகச் சொன்னார். ரகசியம் எல்லாம் அவருக்குக் கிடையாது. எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறியது. "அத்தன பேரு மறைச்சு நின்னு சூடத்தக் காப்பாத்தினது இதுக்காங்க?" என்று கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார். "நாச்சிமுத்து நல்லவருதான் கண்ணு. ஆனா ரோடு போடறேன்னு சொன்னது அந்தப் பெட்டிக்காரரு."

நாச்சிமுத்துவிடம் இதைச் சொன்னபோது வருத்தப்படுவார் என்று நினைத்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப நெசமாவே விடுவிச்சுட்டேன்டா" என்றார்.

ஜெயித்துவிட்டோம், கொஞ்ச ஓட்டில். மலையில் பாதிக்கு மேல் எங்களுக்கு. பழைய பேச்சு கெடுத்ததா, இல்லையா என்று ஆபீசில் ஒரே சண்டை. அதே பெயரில் வேறு ஆள் என்று கீழே ஊர் ஊராகத் தான் சொல்லவைத்த பொய்தான் ஜெயித்தது என்றார் வையாபுரி அண்ணன். மலையில் தான் சொன்ன உண்மைதான் என்றார் நாச்சிமுத்து. எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத எனக்கு வராது.

மாலை வாங்கின மறுநாளே வையாபுரி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காகிதத்தில் மடித்த ஒரு சூடக் கட்டியைக் கையில் வைத்தார். "அந்த ஊருக்குப் போ. இனிமே எல்லாத் தேர்தல்லயும் நமக்கே போடறோம்னு சூடம் அணைச்சுச் சத்தியம் வாங்கிட்டு வந்துடு. ஊரே சொன்ன சொல்லு தவறாத ஊருடா அது!"

மலைக்குப் போனேன், வெள்ளையம்மா வீட்டில் களி தின்றேன், ஊர்க்கவுண்டரோடு ரோடு வருமா வராதா என்று சண்டை போட்டேன், இறங்கி வந்தேன். சூடம் சட்டைப் பையிலேயே இருந்து நாலு நாளில் தானாகக் கரைந்து காகிதம் மட்டும் மிஞ்சியது, ஓட்டுக் கேட்கிற வேலையில் நான் ஒழுங்காகப் பார்த்த வேலை அது ஒன்றுதான்.