ஃபியட் காருக்கு ஒரு முத்திரை பாக்கி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் இது 2019 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், அலெக்ஸாண்டிரியாவில் வண்டிப் பதிவு அலுவலக முற்றத்தில், முந்நூறு பேர் நடுவில் எனக்கு நடந்தது.

என் பெயர் ஷௌகி. ஹோட்டல் வேலை போன பிறகு, 1961 மாடல் ஃபியட் கார் ஒன்றை வாங்கினேன். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று நினைப்பு. முதல் கல்யாணம் வியாழக்கிழமை. அதற்குள் பதிவும் இன்சூரன்ஸும் முடிய வேண்டும். அன்று மூன்றாவது நாளாக வரிசையில் நிற்கிறேன். அபராதம் பாக்கி இல்லை என்ற சீட்டுக்கு ஒரு ஜன்னல். அந்தச் சீட்டைக் காட்டினால் அடுத்த ஜன்னல். அங்கே போனால், "நகல் எங்கே?" கால் இரண்டும் வீங்கிவிட்டன. பசிகூட மறந்துபோயிற்று.

வண்டியைச் சோதிக்க வந்தவர் முராத். காரைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஹாஜி, இதுக்கு லைசென்ஸ் வேணுமா, பென்ஷன் வேணுமா?"

வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

சரியாக 11:40. சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை ஒட்டி, பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்த முராத் தலையைத் தூக்கினார்.

"அந்த அம்மாவை இறங்கச் சொல்லுங்க. சோதனை நேரத்துல உள்ளே ஆள் இருக்கக் கூடாது."

"எந்த அம்மா?"

"அதான், பின்சீட்டுல..."

எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் யாரும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெயில்..." என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

12:55. பழைய கார் என்றால் போட்டோ பார்த்துத்தான் மதிப்புப் போட்டு இன்சூரன்ஸ் தருவார்கள். கம்பெனியிலிருந்து இன்ஜி என்ற பெண் வந்தாள். செல்போனை உயர்த்தியவள் இறக்கிவிட்டாள்.

"என்ன மாமா, பின்கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சிருக்கு? உள்ளே யாராவது தூங்கினாங்களா?"

கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை.

ஆவி உள்பக்கம் இருந்தது. அதன் நடுவே ஐந்து விரல்கள் கீழ்நோக்கி வழுக்கிய தடம்...

பயப்படக்கூடத் தெம்பு இல்லை. கதவைத் திறந்து அதையும் துடைத்தேன். அவள் நான்கு படம் எடுத்தாள்.

"ஒரே ஒரு முத்திரைதான் பாக்கி. வண்டியிலேயே உட்காருங்க மாமா, கூப்பிடறேன்."

2:10. ஓட்டுநர் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்தேன். நான்கு கண்ணாடியும் இறக்கியிருந்தேன். கடல் காற்று முற்றத்தில் தூசியைக் கிளப்புகிறது. காருக்குள் மட்டும் அடுப்பு போலக் கொதிக்கிறது.

கிர்ர்ர்...

சீட் ஸ்பிரிங். நான் அசைந்திருப்பேன் என்று நினைத்தேன்.

நான் அசையவில்லை.

கிர்ர்ர்...

பின்னால்.

என் பிடரியில் சூடான மூச்சு...

"முடிஞ்சுதா?"

களைத்துப்போன ஒரு பெண்ணின் குரல். மூன்று நாளாக வீட்டு வாசலில் என் மனைவி இன்ஸாஃப் கேட்கும் அதே கேள்வி. அரைத்தூக்கத்தில் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது.

"இல்லம்மா. இன்னும் ஒரு முத்திரை பாக்கி."

ஒரு நீண்ட பெருமூச்சு.

அப்போதுதான் உறைத்தது...

இன்ஸாஃப் வீட்டில் இருக்கிறாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சாவி வண்டியிலேயே கிடந்தது. முத்திரையை வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன். வியாழக்கிழமை மணப்பெண் டாக்ஸியில் போனாள்.

காரை எனக்கு விற்ற தூசூனுக்கு அந்தச் செவ்வாய் மாலையே போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க, அண்ணே?"

"பாக்கி இருக்குன்னேன்."

"அல்ஹம்துலில்லாஹ்... ஆண்டவன் காப்பாத்தினான்."

பிறகு மெல்லச் சொன்னார். 1981 ஆகஸ்ட். இந்தக் காரைத் தன் பெயருக்கு மாற்ற அவருடைய அப்பா அதே முற்றத்துக்குப் போயிருக்கிறார். கூடவே காய்ச்சலோடு அம்மா. "இங்கேயே இரு, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு வந்துடறேன்" என்று பின்சீட்டில் விட்டுப் போனார். அப்போது பின்கதவுகள் பழுது; உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியும் இறங்காது. எழுந்து முன்பக்கம் வர அம்மாவுக்குத் தெம்பில்லை. அப்பா ஜன்னல் ஜன்னலாக அலைந்து திரும்பியபோது நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

அம்மா உட்கார்ந்தபடியே...

மீதி வேலையை அடுத்த ஜனவரியில்தான் அப்பா போய் முடித்தார். லைசென்ஸோடு காரில் ஏறி, பின்சீட்டைப் பார்த்து ஏதோ சொன்னாராம். அது வாசல் காவலாளியின் காதில் விழுந்திருக்கிறது.

"முடிஞ்சுது. வா, போகலாம்."

ஒரு மணி நேரம் கழித்து, கடற்கரைச் சாலையோரம் கார் ஒழுங்காக நின்றிருந்தது. ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடி அப்பா. உயிர் இல்லை.

"டாக்டர் என்ன எழுதினார் தெரியுமா அண்ணே? 'கடும் வெப்பத்தால் மரணம்'னு."

தூசூனே தொடர்ந்தார்.

"அன்னிக்கு விடியற்காலையிலேர்ந்து மழை. ஊரே குளிர்ல நடுங்கிட்டிருந்துச்சு."