மூன்று முறை எக்ஸிட்

1987ஆம் ஆண்டில், ஈப்போவிலிருந்த ஒரு ரப்பர் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் புதிய தொலைத்தொடர்புச் சுவிட்ச் ஒன்று வந்து இறங்கியது. சித்தியவான், கோலா கங்சார், காம்பார் தோட்டத்து அலுவலகங்களின் இணைப்புகள் எல்லாம் அந்த இரும்புப் பெட்டியில்தான் வந்து கூடின. விசைப்பலகையில் எழுத்தைத் தட்டித்தான் அதற்குக் கட்டளையிட முடியும். அதைப் பார்த்துக்கொண்டவர்கள் இருவர்: தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, மாலை வகுப்பில் தட்டச்சு பயின்று மேலே வந்த நல்லம்மாள், அவளைவிடப் பத்து வயது மூத்த அன்னபூரணி. இருவருக்கும் ஒரே திரை. மார்ச் மாதத்தில் இவர்களுள் ஒருவரைப் பொறுப்பாளராக்குவதாக மேலாளர் ஜெயபாலன் சொல்லியிருந்தார். அந்த இடம் தனக்கே என்று நல்லம்மாள் தன் தாயிடம் சொல்லியும் விட்டாள்.

அந்தப் பெட்டிக்கு மூன்று படிகள். பெயரைத் தந்து நுழைந்தால் வரியின் முடிவில் அம்புக்குறி தோன்றும். அங்கிருந்து பார்க்கலாம், எதையும் மாற்ற இயலாது. மறைச்சொல்லைத் தந்தால் அம்பு மறைந்து # என்ற கட்டக்குறி வரும். உள்ளமைப்பு முழுவதும் கண்முன் விரியும். அதற்கும் மேற்பட்ட மூன்றாம் படியில்தான் இணைப்பைச் சேர்க்கலாம், நீக்கலாம். வெளியேறுவதற்குப் படிக்கு ஒன்றாக மூன்று முறை எக்ஸிட் தட்டி இறங்க வேண்டும். இறங்காமல் எழுந்துபோனால், பிறகு யார் தட்டினாலும் நுழைந்தவர் பெயரே பதிவாகும்.

நல்லம்மாளுக்கு இவை எல்லாம் தெரியும். ஆயினும் அவள் இறங்குவதில்லை. லயத்தில், அடுத்த வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்திருக்கும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போவது அவளைத் திருடி என்பதற்குச் சமம். அக்கா என்று அழைக்கும் அன்னபூரணியின் எதிரே எப்படி எக்ஸிட் தட்டுவது?

பிப்ரவரியில் ஒரு நாள் காலை, மூன்றாம் படியில் வேலையாக இருந்தவள் எழுந்தாள்.

“அக்கா, கோப்பி கலக்கிட்டு வாரேன்.”

“போய்ட்டு வா லா. எனக்குச் சீனி கம்மியா. பெட்டிய யாரும் தூக்கிட்டுப் போய்ட மாட்டாங்க.”

கோப்பியை அன்னபூரணி சொட்டு விடாமல் குடித்தாள். அரைமணி நேரத்தில் ஜெயபாலன் பதிவுத்தாளோடு வந்து நின்றார்.

“கோலா கங்சார் லைன் போச்சு. பத்து மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு நீக்கியிருக்கு. பேரு நல்லம்மாள்னு இருக்கு. என்ன லா இது?”

“அப்ப நான் கோப்பி கலக்கிக்கிட்டு இருந்தேன், சார். அக்காவக் கேளுங்க.”

அன்னபூரணி காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நான் ஒண்ணும் கவனிக்கல சார்.”

அவர் போன பிறகு நல்லம்மாள் கேட்டாள்: “ஏன்கா?”

“ஒனக்கு வயசு இருக்கு, நல்லம்மா. எனக்கு இந்த மார்ச் விட்டா வேற இல்ல.”

மார்ச்சில் அன்னபூரணி பொறுப்பாளரானாள். நல்லம்மாளுக்கு முதற்படி மட்டும் எஞ்சியது. நாற்காலிகள் இரண்டும் பழைய இடத்திலேயே இருந்தன. கோப்பியை இப்போது அன்னபூரணிதான் கலக்கப் போவாள். எழுவதற்கு முன் நிதானமாக எக்ஸிட் தட்டுவாள், மறுபடியும் தட்டுவாள், மூன்றாவது முறையும் தட்டுவாள். பிறகு கேட்பாள்:

“ஒனக்கும் கோப்பி வேணுமா?”

“வேணாம்கா” என்பாள் நல்லம்மாள்.