செத்த பட்டரியில் வந்த சத்தம்: பேசாலையில் ஒரு பகல்

மீள்குடியேற்றம் தொடங்கிய மறுவருடம், மாசி மாதத்தில் பேசாலைக்குப் போனேன். அழைத்தவன் ஜூட். என்னிடம் படித்தவன், தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவன். முகாமில் அவனுடைய நண்பன் செல்வன், டெத் மெட்டல் என்கிற சுவீடன் உறுமல் இசைக் கசெட் ஒன்றைக் கேட்டு, அதே தொனியில் கிற்றார் வாசித்தவன். காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனான். ஒலிப்பதிவு எதுவும் இல்லை. தனியாக ஊர் திரும்பிய தாய் ரீற்றா, மகனின் ஆண்டு நினைவுப் பூசையன்று அந்தச் சத்தத்தை ஒருக்கால் கேட்கவேண்டும் என்று ஜூட்டிடம் சொல்லியிருந்தார்.

மன்னாரிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய பதினாறு கிலோமீட்டர். தோட்டவெளிக்கு அப்பால் கூரையில்லாத வீடுகளுக்குள் ஆடுகள் நின்றன. காலை பஸ்ஸில் போங்கள். பிறகு மீன்பெட்டிகளோடு நிற்கவேண்டிவரும்.

தேவாலயத்தில் பூசை முடிந்து ரீற்றாவின் தகர வீட்டுக்கு வந்தோம். கிற்றார் ஒலியைக் கரகரப்பாக்கும், பட்டரியில் ஓடும் பழைய பெடல் ஒன்றைக் கொழும்பில் தேடி வாங்கியிருந்தான் ஜூட். அதைச் சிறிய ஒலிபெருக்கி அம்ப் ஒன்றில் பொருத்தி, நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருப்பி வாசித்தான். கிற்றார் மரம் அரியும் இயந்திரம்போல இரைந்தது.

வெளியே வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர், "டேய் ஜூட், எஞ்சினுக்கு எண்ணெய் விடடா!" என்றார்.

ரீற்றா சிரிக்கவில்லை. "இது அவன்ர சத்தம் இல்லை, தம்பி."

"எல்லாம் முழுக்கத் திருப்பியாச்சு, மாமி."

"புதுப் பட்டரியோ? அவன் செத்த பட்டரியை வெயிலில காயவைச்செல்லோ போடுறவன். முகாமில புதுசுக்கு எங்க போறது?"

சைக்கிள் டைனமோவை நினைத்துப்பாருங்கள். கால் தளர்ந்தால் வெளிச்சம் மங்கிச் சிவக்கும். பட்டரி தளர்ந்தால் இந்தத் தொனியும் அப்படித்தான். கோயில் மைக்கிலிருந்து கழித்த பட்டரியைக் கேட்டு வாங்கி, மத்தியானம்வரை தகரத்தின்மேல் காயவைத்தோம்.

ஜூட் மறுபடி வாசித்தான். இரைச்சல் தடித்து, ஈரமாகி, அடித்தொண்டையில் உறுமியது. அடுப்படியிலிருந்து ரீற்றாவின் குரல் வந்தது:

"செல்வன், குறையடா! சனம் பேசப்போகுது."

ஜூட் திருத்தவில்லை. "ஓம் அம்மா" என்று சொல்லி, சத்தத்தைக் குறைத்து வாசித்தான். கொஞ்ச நேரத்தில் அது நலிந்து, விக்கி, நின்றது.

இந்தத் தொனியைத் தேடுபவர்களுக்கு: குமிழ்கள் நான்கும் முழுக்க, அம்ப் சிறியது, பட்டரி சாகக்கிடப்பது. வாசிக்குமுன் பதிவுக் கருவியை இயக்கிவிடுங்கள், நாங்கள் மறந்துவிட்டோம்.

"இன்னொரு பட்டரி காயவைக்கட்டோ, மாமி?" என்று ஜூட் கேட்டான்.

ரீற்றா வாசலுக்கு வந்து, கிற்றாரையும் எங்களையும் பார்த்தார்.

"காணும், தம்பி, கேட்டிட்டன். சாப்பிட வாங்கோ."