மாமி கொட்டிய சூப்

என் மாமியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆக்லாந்து நகர மத்தியில் இருந்த ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைக்குத்தான் வந்தார்கள். வெளிநாட்டில் பெண் பார்ப்பதே இப்படித்தான் போலிருக்கிறது என்று இலங்கையில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். உண்மைக் காரணம், எங்கள் வீட்டுத் தரைக்கம்பளத்தில் ஊறிப்போயிருந்த மீன்குழம்பு மணம்.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. தமிழ்நாட்டுக்காரர்கள் அத்தை என்பதை நாங்கள் மாமி என்போம். அப்போது ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் எங்களோடுதான் இருந்தார். பகலில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாலையில் எங்கள் குசினியில் சமையல் ஆட்சி. இறால், நண்டு, கணவாய் என்று கடலில் நீந்துவது ஊர்வது எதுவானாலும் மாமி கைபட்டால் அப்பா சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிடுவார். அதிலும் மாசிச் சம்பலுக்கு மாமியை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாசி என்பது கல் மாதிரி காயவைத்த சூரைமீன். அதை இடித்துத் துருவிய தேங்காய்ப்பூவோடும் காய்ந்த செத்தல் மிளகாயோடும் சேர்த்தால் வாசனை தெருமுனை வரைக்கும் போகும். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டால் சம்பல் தயார் என்று அர்த்தம்.

முப்பதைத் தாண்டியும் மாமிக்குக் கல்யாணம் அமையவில்லை. சாதகம் பொருந்தினால் ஆள் பொருந்தவில்லை, ஆள் பொருந்தினால் விசா பொருந்தவில்லை. கடைசியில் கோயிலில் அம்மாவுக்குப் பழக்கமான ஒருவர் மூலமாக ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை, பக்குரங்காவில் வீடு. அவருடைய அம்மா மகனோடு சில மாதங்கள் இருந்துவிட்டுப் போக ஊரிலிருந்து வந்திருந்தார். சுத்த சைவம்; முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டாராம். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் மீனும் இறைச்சியும் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. மாமி அதற்குச் சரி சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். தங்கை போவதைவிடத் தங்கையின் நண்டுக்கறி போவதுதான் இவரை வாட்டுகிறது என்று அம்மா சொன்னார்.

மாமி மாப்பிள்ளையோடு போனில் கதைப்பார். கதைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வரும்போது, அடுப்பில் வைத்த பாலை மறந்தவர் மாதிரி ஒரு முகத்தோடு வருவார். அவருக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்தது. மீனையே விடத் துணிந்த பிறகு அதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் நேரில் சந்திப்பது எங்கே? எங்கள் வீட்டுச் சட்டி பானையில் அந்த அம்மா தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போனால் பெண்வீட்டார் வலியப் போன மாதிரி ஆகிவிடும் என்று அப்பா மறுத்தார். மாப்பிள்ளைதான் ஒரு வழி சொன்னார். அவருடைய ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானியக் கடை இருந்தது. மேசையில் ஆளுக்கு ஒரு சின்ன அடுப்பு, ஆளுக்கு ஒரு சின்னச் சட்டி. கொதிக்கிற சூப்பில் அவரவருக்கு வேண்டிய காய்கறியை அவரவரே போட்டு வேகவைத்துச் சாப்பிடலாம். யாருடைய எச்சிலும் யாருக்கும் படாது. கேட்டவுடன் அந்த அம்மாவுக்குத் திருப்தியாகிவிட்டது.

காரில் போகும்போதே எனக்குப் புத்திமதி தொடங்கிவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கலாம்.

“அங்க போய் கோழி எண்டு வாய் திறக்கப்படாது,” என்றார் அம்மா.

நான் ஆங்கிலத்தில், மீனைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையில் அதற்கும் பதில் இருந்தது.

கடை சின்னது. உள்ளே நுழைந்ததும் கரி அடுப்பில் இறைச்சிக் குச்சிகள் வாட்டுகிற புகை கண்ணைக் கரித்தது. பக்கத்து மேசையில் வேலை முடிந்து வந்த வெள்ளைக்காரப் பையன்கள் கோழிக்கறி கோத்த குச்சிகளை உருவி உருவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்தார். ஆசையைக் கட்டுப்படுத்த அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

மாப்பிள்ளையின் அம்மா மாம்பழ நிறப் பட்டுச்சேலையில், அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டையோடு வந்திருந்தார். உட்கார்ந்ததும் என் கன்னத்தைக் கிள்ளி, “சாப்பிடவே மாட்டியா தங்கம், இப்படி இளைச்சிருக்கே,” என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. மாமியைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். மாப்பிள்ளை எதிரே, எனக்குப் பக்கத்தில். நல்ல உயரம், மெல்லிய குரல், எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் சொல்வார்.

பரிமாறும் பெண் வந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் பழகிய முகத்துக்குச் சிரிக்கிற சிரிப்புச் சிரித்து, இன்றைக்கும் வழக்கம்போலக் கோழித்தோலும் ஈரலும்தானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாப்பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது.

“என்னடா கேக்குறா அந்தப் பொண்ணு?”

“தண்ணி வேணுமான்னு கேக்குறாம்மா.”

மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து நான் உதவி செய்ய வாயெடுத்தேன். என் அம்மா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினார். மாமி தலையைக் குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் முகமோ விடிந்துவிட்டது. மாப்பிள்ளை நம்ம ஆள்தான், நண்டுக்கறிக்கு இன்னும் எதிர்காலம் உண்டு என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

எல்லாருக்கும் காய்கறிதான் வந்தது. கோவா என்கிற முட்டைக்கோஸ், காளான், காரட், சோயாக் கட்டியான டோஃபு. குச்சியில் கோத்து வாட்டிய கத்தரிக்காயும் குடைமிளகாயும் வந்தன. என் அப்பா வாழ்நாளில் முதல்முறையாக ஒரு துண்டு டோஃபுவை வாயில் போட்டு, அதைப் பாராட்டியும் பேசினார். ஒவ்வொருவர் சட்டியிலும் தெளிந்த, வெளிர்மஞ்சள் நிறச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா சட்டியைச் சற்றுச் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தார்.

“வெறும் காய்கறித் தண்ணிதாம்மா. நான் முன்னாடியே சொல்லி வெச்சுட்டேன்,” என்றார் மாப்பிள்ளை.

மகன் சொன்னால் போதும். அந்த அம்மா வெந்த காயையும் சூப்பையும் கிண்ணத்தில் அள்ளி ஊதத் தொடங்கினார். அதே நேரம் மாமியும் தன் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனார். குடிக்கவில்லை. மூக்கு ஒருதரம் விரிந்தது. பிறகு மெதுவாக நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தார். மாசி இடித்துப் பழகிய மூக்கு, அந்த மணத்தை எந்த நாட்டில் எந்தச் சட்டியில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடும். ஜப்பானியர்களும் அதே சூரைமீனைக் காயவைத்துச் சீவித்தான் சூப்புக்குச் சாறு இறக்குகிறார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அன்று நான் பார்த்தது மாமி நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்ததை மட்டும்தான். மாப்பிள்ளை தன் அம்மாவின் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“அம்மா, சுடப்போகுது, தாங்கோ நான் ஆத்தித் தாறன்,” என்று மாமி எட்டிக் கிண்ணத்தைப் பிடித்தார். அடுத்த கணம் கிண்ணம் மேசையில் கவிழ்ந்தது. கிண்ணத்தோடு மிளகாய் எண்ணெய்க் குப்பியும் சரிந்து, அந்த அம்மாவின் சட்டிக்குள்ளேயே தலைகீழாக விழுந்தது. மாம்பழ நிறப் பட்டின் ஓரத்தில் சூப்பும் எண்ணெயும் தெறித்தன.

என் அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெண் பார்க்கும் இடத்தில் பெண்ணானவள் காபியைச் சிந்தினாலே ஒரு தலைமுறைக்குப் பேச்சாகும். மாமி ஒரு சட்டியையே நாசமாக்கியிருந்தார். அப்பா எழுந்து, ஏன் எழுந்தோம் என்று தெரியாமல், கார் நிறுத்தக் காசு கட்டிய நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார். அம்மா அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கழுவும் அறைக்கு அழைத்துப் போனார். எனக்கு அழுகை வந்தது. எங்கள் மாமி இப்படிக் கை நடுங்குகிற ஆளே இல்லை. நண்டின் ஓட்டை ஒரே தட்டில் உடைக்கிற கை அது.

மாமியோ பதறவே இல்லை. பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில், இந்தச் சட்டியை எடுத்துவிட்டுப் புதுச் சட்டியில் வெறும் சுடுதண்ணீர் மட்டும் கொண்டுவரச் சொன்னார். சூப் வேண்டாம், தண்ணீர், என்று இரண்டாம் தரமும் சொன்னார். அவள் போன பிறகு மேசையில் நாங்கள் மூவர் மட்டும்தான். சின்னப்பிள்ளையும் அது உட்கார்ந்திருக்கிற கதிரையும் ஒன்றுதான் என்று பெரியவர்கள் நினைக்கிற நேரம் அது.

“வேணும்னேதானே கொட்டுனீங்க?” என்றார் மாப்பிள்ளை. இந்தத் தடவை முதலில் சிரிக்கவில்லை. “ரொம்ப தேங்க்ஸ்.”

“இதில மீன் இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும். இங்க எல்லா சூப்பும் அப்படித்தான்.”

“பிறகேன் நீங்கள் சொல்லேல்லை?”

மாப்பிள்ளை தோளைக் குலுக்கினார். “அம்மாவுக்குத் தெரியவா போகுது?”

மாமி கைத்துணியை எடுத்தார். மேசையைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். பிறகு அந்த அம்மா வந்து உட்கார்ந்து, சுடுதண்ணீரில் வெந்த கோவாவை உப்புத் தொட்டுச் சாப்பிட்டு, இதுதான் வயிற்றுக்கு இதமாக இருக்கிறது என்றார். மாமி அவருக்குக் காளானை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். ஒரு பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி இருந்தது.

 திரும்பி வரும்போது காரில் அம்மா, பட்டில் பட்ட எண்ணெய் போகாது என்று இரண்டொரு தரம் சொன்னார். சம்பந்தம் கைநழுவிப் போய்விட்டது என்றே வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. அந்த அம்மாதான். பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது என்றாராம். பதற்றத்தில் யாருக்கும் கை தவறும், தானும் புகுந்த வீட்டுக்குப் போன அன்றைக்குப் பால் செம்பைத் தட்டிவிட்டவள்தான் என்றாராம். கொட்டியதைவிட, தன் வயிற்றுக்கு எது ஆகும் என்று யோசித்துச் சுடுதண்ணீர் கேட்டு வாங்கியதுதான் மனசில் நிற்கிறது என்றாராம். என் அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா உடனே மண்டபம் எங்கே கிடைக்கும் என்று யோசிக்கத் தொடங்கினார்.

மாமி, “எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் அண்ணா,” என்றார்.

அன்று எங்கள் வீட்டில் நடந்த ரகளையை இந்தப் பக்கங்களில் அடக்க முடியாது. அப்பா கத்தினார், கெஞ்சினார், திரும்பவும் கத்தினார். மீனை விட மனசில்லையா என்று கேட்டார். மாப்பிள்ளையே கோழி தின்கிறவர்தானே, அதுவா குறை என்று அம்மா கேட்டார். மாமி அது ஒரு குறையே இல்லை என்றார். பிறகு எதுதான் குறை என்றால் வாயே திறக்கவில்லை. சொன்னால் அது கோயில் வழியாகச் சுற்றி, அந்த அம்மாவின் காதுக்குப் போய்விடும். மகன் தனக்கு எதைக் கொடுக்கவிருந்தான் என்று அவர் தெரிந்துகொள்வதை மாமி விரும்பவில்லை. அதற்காகக் காரணமில்லாத பிடிவாதக்காரி என்ற பெயரை வாங்கிக்கொண்டார். அந்தப் பெயர் இன்னும் அவரோடு இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு சம்பந்தங்களும் அந்தப் பெயரைக் கேட்டே திரும்பிப் போயின. மாமி இப்போது ஆக்லாந்திலேயே, கிளென் ஈடனில், தனியாக இருக்கிறார். வாரக்கடைசியில் நாங்கள் எல்லாரும் போய் நண்டுக்கறி சாப்பிடுகிறோம். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மாமியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

ரகளை ஓய்ந்த பிற்பகலில் மாமி பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. கடல் பக்கமிருந்து காற்று வீசி, போர்வையெல்லாம் அவர் முகத்தில் அடித்தது. நான் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே நின்றேன். வீட்டில் எவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதால் இந்தச் சிக்கலை நானே தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. மாப்பிள்ளை சொன்ன பதிலில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. மாமி அதை ஒழுங்காகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த தமிழைக் கூட்டிச் சேர்த்துப் பொறுமையாக விளக்கினேன்.

“மாமி, அந்த அம்மாவுக்கு மீன் எண்டு தெரியவே தெரியாது. தெரியாட்டி அவவுக்கு ஒண்டும் இல்லைத்தானே?”

மாமி போர்வையை விலக்கி என்னைப் பார்த்தார். கிளிப்பை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது.

“ஓம் குஞ்சு,” என்றார். “அப்பிடித்தான் அவரும் சொன்னவர்.”

மாப்பிள்ளையும் நானும் ஒரே மாதிரி யோசிக்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது. மாமி இனி மனம் மாறிவிடுவார் என்று நம்பி, கல்யாணம் நடக்கும் என்று மட்டும் அப்பாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன்.