டுவேன் புதைத்த ஐம்பது மாடுகள்

ஆர்லிஸ் ஹாஃப்ஸ்டட் யாரிடமும் எழுதி வாங்கிப் பழகாதவள். அறுபத்தோரு வயது, கல்யாணம் ஆகாதவள், தெற்கு டகோட்டாவில் அப்பா விட்டுப்போன தொண்ணூறு பசுக்களைத் தனியாளாகக் கட்டி மேய்த்தவள். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளில் கூப்பிடாமலே போய் நிற்பாள். அவள் முறை வரும்போது அவர்களும் வந்து நிற்பார்கள். அந்த ஒத்தாசையை அவள் சாமியைப் போல நம்பினாள். நாசமாய்ப் போனது அதனால்தான்.

அந்த வருஷம் அக்டோபரிலேயே பனிப்புயல். குளிர்கால ரோமம் இன்னும் வளராத அவள் மாடுகளில் பாதிக்கு மேல், காற்றுக்கு முதுகைக் காட்டியபடி, பனி மூடிய வேலிகளின் மேலேயே நடந்துபோய், பக்கத்துப் பண்ணைக்காரன் டுவேன் கொப்ரீவாவின் பள்ளத்தில் அவன் மாடுகளோடு சேர்ந்து செத்தன. பாதை திறக்க ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் டுவேன் குழி வெட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டான்.

"உன்னுது ஒரு அம்பது இருக்கும் ஆர்லிஸ். நீ பாத்து அழ வேணாம்னு நானே பொதைச்சிட்டேன்" என்றான் போனில். அவள் நெகிழ்ந்துபோய் ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மாவட்ட விவசாய அலுவலகத்தில் புயல் நிவாரணம் உண்டு என்றார்கள். அது வந்தால்தான் கடன் கொடுத்த வங்கிக்காரன் மிச்ச மாடுகளை விட்டுவைப்பான்.

"செத்த மாட்டோட போட்டோ வேணும்மா. இல்லைன்னா கண்ணால பாத்தவங்க கையெழுத்து" என்றாள் அங்கிருந்த பெண்.

ஆர்லிஸ் நேராக டுவேனிடம் போய்க் கையெழுத்துக் கேட்டாள்.

"எல்லாம் கலந்து கெடந்துச்சு. எது உன்னுதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"சூட்டுத் தழும்பு இருந்துச்சுல்ல? அம்பதுன்னு நீதானேடா சொன்ன?"

"ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பொய்க் கையெழுத்து போட்டா என்னை உள்ள தள்ளிருவாங்க."

யோக்கியன் வர்றான், சொம்பைத் தூக்கி உள்ளே வை! தொண்ணூறு மாட்டைப் பறிகொடுத்ததாக அவன் நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தான். காபிக் கடையில் அவனே சொல்லி அனுதாபமும் வாங்கினான். வசந்தத்தில் அவன் கன்றுகளைப் பிடித்துக் கொடுத்தவளுக்கு அவன் மந்தை தெரியாதா? அவனுக்குச் செத்தது நாற்பதுதான். மிச்ச ஐம்பதும் அவளுடையவை.

மனுக்களை முடிவு செய்வது, விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மூன்று விவசாயிகள். அதில் ஒருவன் டுவேன். ஆர்லிஸின் ஓட்டும் அவனுக்குத்தான் விழுந்திருந்தது. அவள் மனு வந்ததும், தான் பக்கத்துப் பண்ணைக்காரன், இருப்பது முறையல்ல என்று வெளியே போய் நின்றுகொண்டான்.

"அந்தக் குழியைத் தோண்டிப் பாருங்க" என்றாள் ஆர்லிஸ்.

"டுவேனைத் திருடன்னு சொல்றியா?" என்றார் மிச்ச இருவரில் மூத்தவர்.

அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். ஆமாம் என்றால் வரும் வசந்தத்தில் சூடு போட ஒரு ஆள் வரமாட்டான். மனு தள்ளுபடி ஆனது.

மார்ச்சில் மிச்ச நாற்பது மாடுகளும் ஏலத்துக்கு வந்தன. டுவேன் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான்; நல்ல விலைதான் கொடுத்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"கவலைப்படாதே ஆர்லிஸ், நல்லா பாத்துக்குவேன்."

"செத்த என் மாட்டுக்கு வந்த பணத்துலதானேடா உசுரோட இருக்கற என் மாட்டை வாங்கற?" என்றாள், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி.

ஒருவரும் தலை நிமிரவில்லை. ஏலக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்தவருடைய மாட்டைக் கூப்பிட்டார்.